பத்து நிமிடம் ஓடிய எஞ்சின்

குளிர்காலம் தொடங்கியதும் இந்த ஊரில் கார்களின் மூக்கிலிருந்து ஒரு கறுப்பு வயர் தொங்க ஆரம்பித்துவிடும். வயரின் முனையில் பிளக் இருக்கும். நான் வேலைசெய்யும் இடத்து வாகனத் தரிப்பிடத்தில் வரிசையாகக் கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் மின்சாரச் செருகி வைத்திருக்கிறார்கள். காலையில் வருகிறவர்கள் மாட்டைக் கட்டுவது போல வண்டியைக் கம்பத்தோடு இணைத்துவிட்டு உள்ளே போவார்கள். வந்த முதல் வருடம் இதைப் பார்த்துவிட்டு, "இங்க எல்லாக் காரும் கரண்ட்லதான் ஓடுது" என்று இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவில் இருந்த என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் போனில் பெருமையாகச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் என் பழைய பெட்ரோல் கார் செத்த மாடாகக் கிடந்தது. அந்த வயர் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டருடையதாம். அது இல்லாவிட்டால் எண்ணெய் உறைந்த நெய்யாகிவிடும். பதினொரு வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்கு இதை ஒரு அலுவலகப் பெண் விளக்கவேண்டியிருந்தது.

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில்தான் அந்தப் பதினொரு வருடமும் போனது. கொழுந்து வாட்டும் பெரிய மின்விசிறிகள், அரைக்கும் ரோலர்கள், உலர்த்தும் டிரையர், மின்சாரம் போனால் இவற்றையெல்லாம் காப்பாற்றும் டீசல் ஜெனரேட்டர், எல்லாம் என் கைபட்டவை. கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளிக்கு வந்தபின் கோதுமை அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கேதான் டக் எனக்குப் பழக்கமானார். அறுபத்தெட்டு வயது, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். ஊருக்கு வெளியே இருந்த சிறு விமானத்தளத்தில் இரண்டு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம் ஒன்றை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த வருடம் நான் பறக்கப் பழகி உரிமமும் எடுத்தேன். அதற்கடுத்த வருடம் அந்த விமானத்தில் பாதி எனக்குச் சொந்தம். படத்தை அனுப்பியபோது லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் நம்பவில்லை. யாருடையதோ ஒன்றின் பக்கத்தில் நின்று எடுத்த படம் என்று பேசிக்கொண்டார்களாம்.

இந்த நாட்டில் சில பழைய சிறு விமானங்களை, அதற்கான அனுமதி வாங்கிக்கொண்டால், உரிமையாளரே பழுதுபார்க்கலாம். எங்களுடையது அப்படிப்பட்டது. எஞ்சின் வேலையை நானாகவே என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். ரோலரின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவனுக்கு நான்கு சிலிண்டர் எஞ்சின் எம்மாத்திரம் என்ற எண்ணம். முதல் கோடையிலேயே ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. ஸ்பார்க் பிளக் ஒன்று கை தவறி சிமெண்டுத் தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மாட்டப்போனேன். டக் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல பிளக்கை எறிகிறாரே, என் கை பட்டதாலா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்துவிடும், ஆகாயத்தில்தான் அது காட்டிக்கொடுக்கும் என்று பல மாதம் கழித்து ஒரு கைநூலில் படித்தேன். அவர் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

நவம்பரில் பனி விழுந்து ஓடுபாதை மூடிக்கொண்டது. மார்ச் வரை பறப்பதில்லை. அத்தனை மாதம் ஒரு எஞ்சின் அசையாமல் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெனரேட்டரை ஓட்டிப்பார்ப்போம். ஒரு மழைக்காலத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் எழும்பாமல், அன்றைய கொழுந்து முழுவதும் புளித்துப்போனதை நான் கண்ணால் கண்டவன். அதன்பிறகு தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர், சனிக்கிழமை ஓட்டுவதைச் சட்டமாக்கினார். ஸ்டார்ட் செய்வது என் வேலை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தேன். சனிக்கிழமை தவறாமல் விமானம் நிற்கும் ஹாங்கருக்குப் போவேன். ஹீட்டரால் எஞ்சினைச் சூடாக்கி, விமானத்தை வெளியே தள்ளி, பத்து நிமிடம் ஓடவிட்டு, திரும்ப உள்ளே வைத்துப் பூட்டுவேன். கை விறைத்து வீடு திரும்பினாலும் ஒரு கடமையைச் செய்த திருப்தி.

டிசம்பரில் ஒரு நாள் டக் வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "நானாக இருந்தால் இதை ஓட்டமாட்டேன்" என்றார். ஆங்கிலத்தில் மிக மென்மையாக, 'ஐ வுடுன்ட்' என்று தொடங்கிச் சொன்னார். நான் சிரித்தபடி, "பரவாயில்லை டக், எனக்குச் சிரமமில்லை" என்றேன். இந்தக் குளிரில் வர அவருக்குச் சோம்பல், அதனால் அப்படிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். இந்த ஊரில் 'நானாக இருந்தால் செய்யமாட்டேன்' என்றால் 'செய்யாதே' என்று அர்த்தம் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம். எங்கள் ஊரில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு செய்யாதே என்று சொன்னால் மூன்று மலைக்கு அப்பால் கேட்கும்.

ஏப்ரலில் பனி கரைந்தது. முதல் வேலையாக எண்ணெயை மாற்றினேன். கழற்றிய ஃபில்டரை எறியப்போனபோது டக், "வெட்டிப் பார்" என்றார். அதுவரை நான் ஒரு முறைகூட வெட்டிப் பார்த்ததில்லை. தகரத்தை வெட்டி, உள்ளேயிருந்த மடிப்புக் காகிதத்தை மேசையில் விரித்தோம். வெயிலில் அது மினுங்கியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். மினுக்கமெல்லாம் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. இரும்புத் துகள். டக் காந்தத்தை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் கழற்றுவது போல.

எஞ்சினைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. வால்வுகளைத் தூக்கி இறக்கும் கேம்ஷாஃப்ட், அம்மைத் தழும்பு போலத் துரு அரித்துக் குழிகுழியாக இருந்தது. எரிபொருள் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. எண்ணெய் நன்றாகச் சூடாகி, நீண்ட நேரம் ஓடினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். பத்து நிமிடத்தில் நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருப்பதால் எண்ணெய் கீழே வடிந்துவிட, வெறும் இரும்பில் ஈரம் படிகிறது. நான் சனிக்கிழமை தோறும் போய் அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். சும்மா விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும்.

"தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை?" என்று டக்கிடம் கத்தினேன்.

"சொன்னேனே" என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்தோடு.

வீட்டுக்கு வந்து பொருமினேன். இந்த மனிதர்களின் பூசி மெழுகும் பேச்சு, இவர்களின் நாசமாய்ப்போன குளிர், எங்கள் ஊரில் அத்தனை வருடம் சரியாக இருந்த ஒன்று இங்கே மட்டும் குற்றமாவது. அதற்குள் இங்கே வந்து சேர்ந்துவிட்டிருந்த ஸ்டெல்லா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அவரு ஓட்டமாட்டேன்னு சொன்னப்ப, ஏன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திக் காலை வேலை பிரிக்கும்போது 'ஏன்' என்று கேட்டவனுக்கு அன்று பேர் விழாது, வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பவேண்டியதுதான். அப்படி வளர்ந்த வாய் இது என்று அவளுக்குப் பதில் சொன்னேன். "இங்க யாரு உங்க பேர வெட்டப்போறா?" என்றாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அதைவிட மோசமான செய்தி ஒரு வாரம் கழித்து வந்தது. செப்டம்பரில் டக்கின் மருத்துவச் சான்றிதழ் முடிகிறது. இருதயம் சரியில்லாததால் இனிப் புதுப்பித்துத் தரமாட்டார்கள் என்று வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். அவர் விமானியாகப் பறக்கக்கூடிய கடைசிக் கோடை அது. அதைத்தான் நான் பிரித்து மேசைமேல் பரப்பி வைத்திருந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "உதிரிபாகம் வரட்டும்" என்றார், அவ்வளவுதான்.

உதிரிபாகம் வரவில்லை. ஜூன் போனது, ஜூலை போனது. ஆகஸ்டில் அந்தோனியின் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனோம். அந்தோனி ஸ்டெல்லாவின் தங்கை கணவன். அதற்கு முன்பே என்னோடு ஒன்றாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஹட்டன் கோவிலில் கல்யாணம் முடிந்த மறு சனிக்கிழமை, தொழிற்சாலையைப் பார்க்க அழைத்துப்போனான். மாடியில் வாடும் கொழுந்தின் வாசனை சட்டையில் ஏறிக்கொண்டது. ஜெனரேட்டர் அறையில் அவன் ஜெனரேட்டரைப் பிள்ளையைப் போலத் துடைத்துக்கொண்டிருக்க, நான் என் கதை முழுவதையும் கொட்டினேன். "நம்ம ஊர்ல வாராவாரம் பத்து நிமிஷம் ஓட்டுனோம். ஒண்ணும் ஆகலியே? அங்க மட்டும் ஏன்டா இப்படி?" என்றேன்.

அந்தோனி துணியைக் கீழே வைத்தான்.

"சகல, நீ ஸ்டார்ட் பண்ணுவ. பத்து நிமிஷம் நிப்ப. பொறவு ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சு ஹட்டனுக்குப் போயிருவ. அதுக்கப்புறம் வாட்டுற ஃபேன் அம்புட்டையும் இதுல போட்டு, நல்லாச் சூடேற ஒரு மணி நேரம் ஓட்டுனது யாருங்கிற? நான்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே. டீமேக்கர் ஐயா சொன்னாரு, சும்மா ஓட்டுனா உள்ள ஈரம் புடிக்கும்னு. நான் செஞ்சேன். ஒனக்கும் தெரியும்னுல நெனச்சேன்."

நான் அங்கே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதமாக அந்த நாட்டைத் திட்டியிருக்கிறேன். எங்கள் ஊர் முறை அங்கே செல்லுபடியாகவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் புலம்பியிருக்கிறேன். எங்கள் ஊர் முறையே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு ஊரிலும் எனக்குத் தெரிந்தது முதல் பத்து நிமிடம் மட்டும்தான்.

என்னைப் போலக் கைவேலையை நம்பி வெளிநாட்டில் கால்வைத்தவர்கள் இதைப் படித்தால், ஒரு வேண்டுகோள். சிறு விமானம் வைத்திருப்பவர் நம்மில் அதிகம் இருக்கமாட்டார்கள். இருந்தால், குளிர்காலத்தில் விமானத்தை எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை உண்மையாகவே பறக்கவிடுங்கள், இல்லையென்றால் பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக்குகளை மாட்டி, மூடிவைத்துவிட்டு அதன் பக்கமே போகாதீர்கள். நடுவில் ஒன்று செய்வதுதான் நாசம். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். குளிர் நடுவில் ஒரு முறை எண்ணெய் மாற்றி நான் வெட்டிப் பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். நட்டுகளைக் கை சொல்லும் அளவுக்கு முறுக்காதீர்கள், கைநூல் சொல்லும் அளவுக்கு, முறுக்கின் அளவைக் காட்டும் சாவியால் முறுக்குங்கள். தரையில் விழுந்த பிளக்கை எறியுங்கள். இவை எதற்கும் பெரிய படிப்பு தேவையில்லை. விமானம் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: உள்ளூர்க்காரன் மெல்லிய குரலில் ஏதாவது சொன்னால் சிரித்து மழுப்பாமல், ஏன் என்று கேட்டுவிடுங்கள். முட்டாளாகத் தெரிவோம் என்ற பயத்துக்கு நான் கொடுத்த விலை இன்னொருவரின் ஒரு கோடைக்காலம்.

திரும்பி வந்தபோது கேம்ஷாஃப்ட் வந்திருந்தது. இந்த முறை எஞ்சினைத் தனியாகத் தொடவில்லை. உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து, ஒவ்வொரு படியிலும் ஏன், ஏன் என்று அவர் சலித்துப்போகும்வரை கேட்டேன். டக் ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தார். எஞ்சின் உயிர்பெற்றது அக்டோபரில். அவருடைய சான்றிதழ் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. சோதனைப் பறப்புகளையெல்லாம் நான் தனியாகவே முடித்தேன். பிறகொரு தெளிந்த மத்தியானம் அவரை அழைத்துப்போனேன். இத்தனை வருடம் அவர் உட்கார்ந்த இடது இருக்கையில் நான். வலது இருக்கையில் அவர், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. மன்னித்துவிடுங்கள் என்றேன். "எண்ணெய் அழுத்தத்தைப் பார்" என்றார்.

அறுவடை முடிந்த வயல்கள் கீழே பாய் விரித்தது போலக் கிடந்தன. எங்கும் ஒரு மேடில்லை. உயரமானியின் முள் ஏறிக்கொண்டிருந்தது. நாலாயிரத்து எழுநூறு அடியைத் தொட்டதும் நான் ஏறுவதை நிறுத்திவிட்டேன். அது என் தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில், அந்த இடத்தின் உயரம் என்று, வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும் எண். கடல்மட்டத்திலிருந்து எங்கள் லயமும் ஏறக்குறைய அதே உயரம்தான். பிறந்ததிலிருந்து முப்பத்தாறு வயதுவரை நான் தூங்கி எழுந்த உயரத்தில், இப்போது வெறும் காற்று இருந்தது.

"ஏன் இங்கே நிறுத்தினாய்?" என்று டக் கேட்டார்.

"என் வீடு" என்றேன்.

அவர் கண்ணாடியோரம் சாய்ந்து, எந்த வீடு என்று கீழே தேட ஆரம்பித்தார். நான் அந்த உயரத்தைவிட்டு இறங்காமல், நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன்.