கூட யார் வந்திருக்கிறார்கள்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான். நர்சிங் கல்லூரி இன்டர்வியூவுக்கு நான் தயாரான அந்த மூன்று வாரமும் அது கல்லூரிக்காரர்களின் நாற்காலியாகிவிட்டது. வெளியே போய் நின்று கதவைத் தட்டி, "மே ஐ கம் இன், மேடம்?" என்பேன். நானே அனுமதி கொடுத்துக்கொண்டு உள்ளே வந்து, நின்றபடியே பதில் சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. நான் ஆறாவது படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. காலை ஆறரைக்குக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். ப்ளஸ் டூ முடித்த கையோடு கூடப் படித்தவர்களில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இன்னொருத்தி டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனாள், மற்றவர்கள் போன இடமே தெரியவில்லை. பகல் முழுக்க வாய் திறந்து பேச ஓர் ஆள் கிடையாது. நாற்காலியோடு பேசியவள் என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். அப்போது அழுகைதான் வந்தது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"யாரு பாப்பா வந்துகீறாங்க? பேச்சுக் குரல் கேக்குதே."

"யாருமில்லக்கா."

அவர் நாற்காலியை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், போய்விட்டார்.

பழைய டைரி ஒன்றில் கேள்வியும் பதிலும் எழுதி மனப்பாடம் செய்தேன். அம்மாவைப் பற்றிய கேள்விக்கு, "மை மதர் இஸ் வொர்க்கிங் இன் ஹாஸ்பிட்டல்" என்று எழுதியிருந்தேன். பொய் இல்லையே. கேட்பவர்கள் அவளை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா அரிசியில் கல் பொறுக்கும்போது நான் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியம்.

"ஹாஸ்பிட்டல்னு இன்னாவோ சொன்னியே, அது என்னப் பத்தியா?" என்றாள் ஒருநாள்.

"ஆமா. ஆஸ்பத்திரியில வேலைன்னு."

"ஆயான்னு சொல்ல வேணாமா?"

"அவ்ளோ வெவரம்லாம் கேக்க மாட்டாங்கம்மா."

"அதுவும் சரிதான்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இன்டர்வியூ கடிதத்தை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டியவளும் நான்தான். அதில் ஒரு வரியைப் படிக்காமல் விட்டேன். பெற்றோரோ காப்பாளரோ கூட வந்து உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற வரி. பாவம், லீவு கிடைக்காது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்டர்வியூ அன்றைக்கும் அம்மா வழக்கம்போல ஆறரைக்கே கிளம்பினாள். நான் தாம்பரத்தில் எலக்ட்ரிக் டிரெயின் பிடித்துத் தனியாகப் போனேன். கல்லூரி வராந்தாவில் பெஞ்சு நிறைய அப்பாக்கள், அம்மாக்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் பிளாஸ்க் பிடிக்க ஒருவர், ஃபைல் பிடிக்க ஒருவர். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவ்வளவு பேருக்கு நடுவில் நின்றதுபோல அந்த மூன்று வாரத்தில் ஒருநாள்கூட நான் தனியாக இருந்ததில்லை.

உள்ளே மூன்று பேர். என் டைரியில் இருந்த கேள்விகளில் இரண்டுதான் வந்தன. நன்றாகவே சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்த மேடம் கேட்டார்:

"கூட யார் வந்திருக்காங்க?"

"யாருமில்ல, மேடம்."

"லெட்டர்ல போட்டிருக்கோமே. கையெழுத்து யார் போடறது? மூணு மணிக்குள்ள கூட்டிட்டு வாம்மா. இல்லேன்னா சீட்டு லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும்."

மணி அப்போதே ஒன்றரை. தாம்பரம் போய்த் திரும்ப நேரம் போதாது. நர்சிங் ஹோமுக்கு போன் செய்து என்னவென்று சொல்வது? படிக்கட்டில் இறங்கி ஓடப் பார்த்தபோதுதான் கவனித்தேன். எல்லோரும் செருப்புக் காலோடுதான் வராந்தாவில் இருந்தார்கள். கீழ்ப்படியில் ஒரே ஒரு ஜோடி மட்டும் ஓரமாகக் கழற்றி விடப்பட்டிருந்தது. இடது செருப்பின் வாரில் ஒரு சேஃப்டி பின். அதைக் குத்தியவளே நான்தான்.

நர்சிங் ஹோமில் ஆயாக்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரியும் அப்படித்தான், கல்லூரியும் அப்படித்தான்.

வராந்தாவின் கோடியில், அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாக்கள் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். விசேஷத்துக்குக் கட்டும் பட்டுப் புடவை. காலையில் பையில் மடித்து எடுத்துப் போயிருக்க வேண்டும்.

"எப்பம்மா வந்தே?"

"நீ உள்ள போறதுக்கு முன்னாடியே. பெத்தவங்க வந்தாத்தான் சேப்பாங்கன்னு எங்க நர்சிங் ஹோம் சிஸ்டர் சொன்னாங்க. நீ லெட்டர்ல பாக்காம வுட்டுட்டே போல."

"பெஞ்சுல வந்து ஒக்காரக் கூடாதா?"

"அங்கல்லாம் பேரண்ட்ஸ் குந்திக்கினு கீறாங்களே" என்றாள்.

அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். வெறுங்காலோடு, கைகட்டி நின்றாள். மேடம் பத்திரத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "அம்மா என்ன வேலை பண்றாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆயா என்று இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"வொர்க்கிங் இன் ஹாஸ்பிட்டல், மேடம்."

நான் சொல்லிப் பழகிய அதே இழுப்பு, அதே நிறுத்தல். மேடம் தலையசைத்தார். அம்மா தமிழில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். சீட்டு கிடைத்துவிட்டது.

திரும்பும் டிரெயினில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல்லாவரம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள்.

"நான் சரியாச் சொன்னேனா, பாப்பா?"

"சரியாத்தான் சொன்னே" என்று வெளியே பார்த்துக்கொண்டேன். தாம்பரம் வரும்வரை அவள் பக்கம் திரும்ப எனக்கு முகம் இல்லை.