அக்கா இளைத்த பத்து வாரம்

அவள் உயிர் கரைந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கை தட்டினோம். தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதைவிடக் கேவலமான காரியம் ஒன்றையும் செய்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் துணி வெளுக்கும் கூடம் இருக்கிறது. அங்கே அக்காவும் நானும் மடிப்பு ஜோடி; கூடப் பிறந்தவள் இல்லை, வயதில் மூத்தவள் என்பதால் அக்கா. படுக்கை விரிப்பின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், இரண்டை நான் பிடிப்பேன். உதறிவிட்டு, நடந்து வந்து, என் முனைகளை அவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் முந்நூறு தடவையாவது அவள் முகத்தைப் பக்கத்தில் பார்ப்பேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தாள். கூடத்தில் அவளுக்கு அண்டா என்று பெயர். சூப்பர்வைசர் அம்மாகூட, "அண்டா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். அக்கா எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பாள். எலுமிச்சைத் தண்ணீர், வெள்ளரிக்காய், ஒரு வேளைச் சாப்பாடு, டப்பாவில் வரும் பவுடர் என்று பார்க்காத வைத்தியம் இல்லை. ஒருமுறை அழுக்குத்துணி போடும் பாலிதீன் பையை வயிற்றில் சுற்றிக்கொண்டு, இஸ்திரி மெஷின் சூட்டில் நின்று மயங்கி விழுந்தாள். வாயைக் கட்டி இரண்டு கிலோ இறக்குவாள், அடுத்த மாதமே மூன்றாக ஏறிவிடும்.

எடை குறைக்கும் போட்டியை ஆரம்பித்தது நான்தான். ஆறு பேர் சேர்ந்தோம். சர்க்கரை, பிஸ்கட், பன் எதையும் தொடக்கூடாது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் துணி நிறுக்கும் மேடைத் தராசில் ஏற வேண்டும். சூப்பர்வைசர் அலமாரிக் கதவில் சாக்பீஸால் எடையை எழுதுவார். முதல் மூன்று வாரம் அக்காவின் முள் அசையவே இல்லை. நான்காவது வாரம் இரண்டு கிலோ போனது. அடுத்த வாரம் மூன்று. அப்புறம் நிற்கவே இல்லை.

எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அண்டா என்ற பெயர் தானாகவே உதிர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பட்டினி கிடந்தவள் நான், எனக்கு மொத்தமே நான்கு கிலோதான்.

அவள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். நாலு விரிப்பு மடிப்பதற்குள் பாத்ரூம் போய்விட்டு வந்தாள். துணி வண்டிச் சக்கரம் உரசிய குதிகால் புண் ஆறு வாரமாகியும் ஈரமாகவே இருந்தது. விரிப்பை வாங்கும்போது அவள் விரல்கள் நடுங்கின. எங்கள் தலைக்கு மேல் ஏழு மாடியும் டாக்டர்கள்தான். எங்களில் ஒருத்திக்காவது புத்தி வரவேண்டுமே!

ஒன்பதாவது வாரம் துணி அறைக்குள் போனேன். அலமாரிக்குப் பின்னால் நின்று அவசர அவசரமாக பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டிருந்தாள். காலடியில் இரண்டு காலி பாக்கெட், கையில் கலர் சோடா பாட்டில்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா," என்றாள். "பசி தாங்க முடியல. எவ்வளவு தின்னாலும் அடங்க மாட்டேங்குது."

சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. இப்படித் தின்றுகொண்டே இளைக்கிறாள் என்றால் திருட்டுத்தனமாக ஏதோ மாத்திரை போடுகிறாள். கையும் களவுமாகப் பிடித்து மானத்தை வாங்க வேண்டும்.

பத்தாவது சனிக்கிழமை. அக்கா தராசில் ஏறினாள். எண்பத்தொன்பது. கைதட்டல் ஓயும் முன்பே அவள் பையைப் பிடுங்கி மடிப்பு மேசையில் கொட்டினேன்.

"இந்தக்கா உங்களை எல்லாம் ஏமாத்துது! தினமும் பிஸ்கட்டும் கலருமா உள்ள போகுது. மாத்திரை எங்கக்கா? எடுத்துக் காட்டு!"

பிஸ்கட் உறைகள் விழுந்தன. பன் விழுந்தது. கலர் பாட்டில் உருண்டு சுவரோரம் போய் நின்றது. பையை உதறோ உதறென்று உதறினேன். மாத்திரை என்று ஒன்றுமே இல்லை.

சிரிக்கத் தயாராக இருந்த வாய்கள் அப்படியே நின்றன. சூப்பர்வைசர் சாக்பீஸைக் கீழே வைத்தார். இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் வார்டில் ஆயாவாக இருந்தவர் அவர்.

"இதெல்லாம் நீதான் சாப்பிட்டியா?"

"ஆமா."

"சாப்பிட்டுமா இருபத்து மூணு கிலோ இறங்கியிருக்கு?" குரல் மாறிவிட்டது. "தாகமா இருக்கா? கண்ணு மங்குதா?"

அக்கா தலையாட்டினாள். 

"சுகர் எங்கேயோ போய் நிக்குது, பாவி. நடந்துட்டு இருக்கும்போதே எந்த நிமிஷமும் விழுந்துடுவ. வா, இப்பவே மேல போலாம்."

அக்கா தராசை விட்டு இறங்கவில்லை. "எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறீங்களா?" என்றாள். "தின்னுட்டே இளைச்சா நல்லதுக்கில்லன்னு எனக்கும் புரியுது. பதினெட்டு வருஷமா ரோட்டுல என்னை விட்டுட்டு பத்தடி முன்னால நடந்த என் வீட்டு மனுஷன், போன வாரம் பக்கத்துலயே நடந்து வந்தாரு. அதான் வாயைத் திறக்கல."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் அவள் தோளைத் தொட்டார்.

"ஊசி போட்டா சரியாயிடும். வாம்மா."

"சரியானா?" அக்கா தராசுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திரும்ப ஏறிடுமா?"

வார்டில் எத்தனையோ பேரிடம் கூசாமல் பொய் சொல்லித் தேற்றியவர்தான். அன்றைக்கு அவருக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

"கொஞ்சம் ஏறும்."

"அப்ப இன்னும் ஒரே ஒரு வாரம்," என்றாள் அக்கா. "அடுத்த சனிக்கிழமை வரேன். சத்தியமா வரேன்."

சொல்லும்போதே கண் செருகியது. அப்போதும் பிடி தளரவில்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவள் நான்தான்.