ரோஸ் கலர் தொப்பி வேண்டாங்க

போன வாரம் எங்கள் எருத்தேன்பதியில் ஒரு விதைக் கம்பெனி விவசாயிகள் கூட்டம் போட்டது. ஆண்களுக்கெல்லாம் ‘விவசாயி’ என்று அச்சடித்த பச்சைத் தொப்பி. அதே வயலில் இறங்கி வேலை செய்யும் பெண்களுக்குக் கம்பெனி பெயர் போட்ட பிளாஸ்டிக் டப்பா.

வந்த ஆத்திரத்தில், எங்கள் தெருப் பெண்களுக்கு நானே தொப்பி செய்யச் சொல்லலாம் என்று இன்று சித்தூர் பிரிண்டிங் கடைக்குப் போனேன்.

“லேடீஸுக்குன்னா ரோஸ் கலர்ல பூப்போட்டுத் தரட்டுங்களா?” என்றார் கடைக்கார பாய்.

“வேண்டாங்க பாய். அதே பச்சை. அதே ‘விவசாயி’.”

“பிரிண்டு வெயில்ல வெளுத்துப்போயிருங்க. எம்பிராய்டரின்னா நிக்கும். செலவுதான் கூட.”

“நாங்க வெயில்லதானுங்க நிக்கறோம். நூல்லயே போடுங்க.”

காலண்டர் அடிக்க வந்திருந்த அந்த விதைக் கம்பெனி ஏஜெண்ட் காதில் இது விழுந்துவிட்டது.

“ஏனுங்க அக்கா, ஓரத்துல எங்க லோகோவையும் போட்டுக்குங்க. பாதிச் செலவு நாங்க தர்றோம்.”

“எங்களுக்குத் தொப்பி எதுக்குன்னு நெனச்சவங்க நீங்க. எங்க தொப்பியில உங்களுக்கு இடமில்லீங்க.”

தொப்பி வேண்டும் என்கிற பெண்கள் கமெண்டில் தலை அளவைச் சொல்லுங்கள்.

ஆண்களும் கேட்கலாம். டப்பா இருக்கிறது.