காரணம் என்ற கட்டம்

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், கழிப்பறை எங்கே என்று கேட்கப் பயந்து, நாலரை மணி பஸ் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு ரோடு வருவதற்குள் பாவாடை நனைந்துவிட்டது. பெரிய வகுப்பு அக்காக்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஒருத்திகூட என்னவென்று கேட்கவில்லை. அந்தக் கோபம்தான் ஐந்து வருடம் கழித்து, தொண்ணூறுகளின் நடுவில், பதினொன்றாம் வகுப்பில் படித்த என்னைத் தலைமையாசிரியை அறைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

நான் கேட்டது பெரிய விஷயமில்லை. பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் காட்ட வேண்டும், பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும், அழுதால் ஏன் என்று கேட்க வேண்டும். முதுகுளத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வந்த எங்களுக்கு பஸ்தான் எல்லாம் என்பதால், ஒரே பஸ்ஸில் வருகிறவர்களை ஒரே குழுவாக்கினோம். ‘அக்கா குழு’ என்று பேர் வைத்தோம். “ஏதாவது வம்பு வந்தா நீதான் பொறுப்பு” என்று சொல்லித்தான் தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார். சந்தோஷத்தில் அந்த வார்த்தை என் காதில் விழவே இல்லை.

நோட்டுப் போட்டது என் யோசனை. பெயர், வராத நாள், காரணம் என்று மூன்று கட்டம். திங்கட்கிழமை பிரேயரில் அதை மைக்கில் வாசிப்பேன். காரணத்தை வெளியே சொன்னால் வீட்டில் சும்மா நிறுத்திவைக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால், மைக்கைப் பிடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. மிளகாய் பறிக்கப் போனவள், தம்பியைப் பார்த்துக்கொண்டவள், காய்ச்சலில் கிடந்தவள் என்று எல்லாரையும் வாசித்தேன். அதிகாரம் தலைக்கு ஏறியிருந்தது.

என் குழுவில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஒட்டிக்கொண்டே திரிவாள். ஒரு வாரம் வியாழனும் வெள்ளியும் அவள் வரவில்லை. அவள் தெருப் பிள்ளை பஸ்ஸில் என் காதில் விஷயத்தைச் சொன்னாள். திங்கட்கிழமை பிரேயரில் அவள் பெயரை வாசித்து, விடுப்புக் கடிதத்தில் எழுதுவதுபோலச் சுத்தத் தமிழில், “பூப்பெய்தியதால்” என்றேன். சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஏழாம் வகுப்பு வரிசையில் அவளுடைய தாய்மாமன் மகள் நின்றிருந்தாள். ஆடுகள் மிளகாய்க் காட்டில் இறங்கிய தகராறில், எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அப்பாவும் தாய்மாமனும் ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். பெண் பெரியவளானால் முதல் சேதி தாய்மாமனுக்குத்தான். அவர் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டினால்தான் மற்றதெல்லாம். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குடன் புதன்கிழமை போய்ச் சொல்வது என்று அவள் அப்பா நாள் குறித்திருந்தார். அவருக்கு முன்னால் என் மைக் சொல்லிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினார்.

“எம் மச்சானுக்கு நான் இன்னும் சொல்லல டீச்சர், நாளைக்குத்தான் பெரியவங்களோட போக இருந்தேன். ஒங்க மைக்கு சொல்லிருச்சு. ஊருக்கே சொல்லிட்டு எனக்குச் சொல்லலையாங்குறான், வரமாட்டேங்குறான். எம் புள்ள மாட்டுக்கொட்டாய் மூலையில உக்காந்திருக்கு. இனி அது இங்கன படிக்க வராது.”

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஆரம்பித்த காரியத்தால் ஒருத்தி படிப்பை விடப்போகிறாள். அன்று மதியச் சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே என் வகுப்பு டீச்சர் என்னை அபிராமம் பஸ்ஸில் ஏற்றி, வழியிலிருந்த ஓர் ஊரில் தாய்மாமன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தாய்மாமன் களத்தில் காய்ந்த மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தார். நெடியில் எனக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே சொல்லிமுடித்தேன்.

“தப்பு என்னோடது. அவங்க யாரும் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி விடல. இன்னைக்குப் பெரியவங்களைக் கூட்டிட்டு ஒங்ககிட்ட வரத்தான் நாள் பாத்திருந்தாங்க.”

“நெசமாவா?”

“நெசந்தான். என்னைய வேணா திட்டுங்க. அவ படிக்கணும்.”

அவர் வீட்டுக்குள் போய் அரிவாளுடன் வெளியே வந்தார். எங்கள் பக்கத்தில் கோபக்கார ஆம்பளை அரிவாளை எடுத்தால் என்ன நினைப்பார்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். டீச்சரின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் எங்களைத் தாண்டிப் போய் மகனைப் பார்த்துக் கத்தினார்.

“ஏலே, ஏணியத் தூக்கிட்டு வா. ஓல வெட்டணும்.”

அப்போதுதான் டீச்சரின் முந்தானையை விட்டேன்.

குடிசை கட்டினார்கள், சடங்கும் நடந்தது. மச்சான்கள் பேசிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லித் தாய்மாமனே சொன்னதால் அவள் அப்பா இறங்கிவந்தார். அவள் திரும்பப் பள்ளிக்கு வந்த அன்று, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மதியம் அவளைக் கவனித்தேன். சோறு தின்றாள், தண்ணீரைக் குடிக்காமல் வேப்பமரத்து வேரில் ஊற்றினாள். இடைவேளையிலும் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. எனக்குப் புரிந்தது. ஆறாம் வகுப்பில் நானும் ஒரு நாள் முழுக்க அப்படி உட்கார்ந்திருந்தவள்தானே.

“வா ஆத்தா, கழிப்பறைக்கு நானும் கூட வாரேன்.”

“வேணாங்க்கா.”

“ஏன்?”

என் கக்கத்திலிருந்த நோட்டைப் பார்த்தாள். “எத்தன தடவ போனேன்னு எழுதி, திங்கக்கெழம வாசிச்சிருவீக.”

நோட்டை விரித்து, காரணம் என்ற கட்டம் முழுவதையும் பேனாவால் அடித்திருப்பதைக் காட்டினேன். இனி மைக்கில் எதையும் வாசிக்கமாட்டேன் என்றேன். தலையை ஆட்டினாள். எழுந்து வரவில்லை.

நாலரை மணி பஸ் வரும்வரை அவள் போகவே இல்லை. அவள் ஊர் விலக்கில் நானும் இறங்கினேன். அவள் பையை ரோட்டில் போட்டுவிட்டுக் கருவேல மரங்களுக்குப் பின்னால் ஓடினாள். யாரும் அந்தப் பக்கம் வராமல் நான் ரோட்டைப் பார்த்தபடி நின்றேன். திரும்பி வந்தவள் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

“எழுதலைல்லக்கா?”

“நோட்டு பள்ளிக்கூடத்துலயே இருக்குத்தா.”

அவள் என் இரண்டு கைகளையும் பார்த்தாள். அப்புறம்தான் கிட்டே வந்து பையை எடுத்துக்கொண்டாள்.