செயப்பாட்டுவினையில் மூடப்பட்ட பாதை

போன கிழமை புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், படிவத்தில் பிழையாக எழுதிவிட்ட பெயரின் மேல் வெள்ளை மை பூசி, வாயால் ஊதிக் காயவைத்தாள். உங்களுக்கு அது தலையிடி தரும் ஒரு மணம், அவ்வளவுதான். எனக்கு அது ஆங்கிலத்தின் மணம். நான் ஆங்கிலம் எழுதிய காலத்தில் நீல மையைவிட வெள்ளை மைதான் அதிகம் செலவானது.

போர் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். டொல்பின் பார்க்கவும், பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கவும் வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊரான கண்டக்குழிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். கொழும்பில் இருந்த ஒருவர் எங்கள் வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு விடுதி கட்டினார். புத்தளத்தில் ஆறு மாதம் ஆங்கில வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்த நான் அதன் வரவேற்பு மேசையில் போய் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சான்றிதழ் என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஆகவே நான் எழுதுவது சரியா பிழையா என்று சொல்லவும் ஆள் இல்லை. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வகுப்பில் படித்ததில் கொஞ்சம்தான் மிஞ்சியது. தமிழில் வினைச்சொல் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு கடைசியில் ஆறுதலாக வரும். ஆங்கிலத்தில் அதற்கு அவசரம்; பெயர்ச்சொல்லின் குதிகாலை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும். தமிழில் ‘மூடினான்’ என்றால் போதும், ஆள் அந்தச் சொல்லின் வாலிலேயே இருப்பான். ஆங்கிலத்தில் ஆளைத் தனியாகக் கூட்டிவந்து முன்னால் நிறுத்த வேண்டும்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது பெயரடைகளின் வரிசைதான். விடுதியின் சாப்பாட்டு அட்டையில் நான் ‘ரெட் பிக் கிராப்’ என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பெரிய நண்டு. நம்முடைய நண்டு முதலில் சிவப்பாக இருந்தாலும் ஒன்றுதான், பெரிதாக இருந்தாலும் ஒன்றுதான். ஆங்கில நண்டு அப்படியில்லை; முதலில் பெருத்துவிட்டுத்தான் சிவக்க வேண்டுமாம். முகாமையாளர் வென்னப்புவக்காரர், சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார். “நங்கி, நண்டு பிழையாம். ஆனா கெஸ்ட்மார் ஃபோட்டோ எடுக்கிறாங்க, இருக்கட்டும்” என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

விடுதி வளவுக்கு நடுவால் ஒரு பாதை போனது. வள்ளத்துக்குப் போகிறவர்களும் கரைவலை இழுக்கிறவர்களும் மீன் கூடையோடு வருகிற பெண்களும் அதனால்தான் நடந்தார்கள். ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் போகும்போது அதில் ஓர் இரும்புக் கேற்றும் பூட்டும் இருந்தன. மிக்கேல் மாமா வள்ளத்து எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு கேற்றுக்கு முன்னால் நின்றார். சற்று நேரம் பார்த்துவிட்டு, வேலியைச் சுற்றி, தென்னந்தோட்டத்தையும் சுற்றிக் கடலுக்குப் போனார்.

அவர் எங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அன்று பின்னேரமே மனைவி எமலி மாமியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“புள்ள, கொழும்புக்காரனுக்கு ஒரு மனு எழுது. தமிழில எழுதினா வாசிக்கமாட்டான்.”

நான் அந்த விடுதியில்தான் வேலை செய்கிறேன் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனாலும் பேனையை எடுத்தேன்.

மனுவை ‘புவர் ஃபிஷர்மென்’ என்று தொடங்கினேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.

“அதென்ன புவர்?” என்றாள் மாமி.

“ஏழை.”

“ஏழையெண்டு ஆரு சொன்னது? நாங்க பாதைதான் கேக்கிறம், அரிசியில்ல.”

ஏழை மேல் வெள்ளை மை பூசினேன். அடுத்த வசனம் எனக்குப் பெருமையாக இருந்தது. ‘யுவர் ஹோட்டல் குளோஸ்ட் அவர் ஓல்ட் லிட்டில் பாத்.’ உங்கள் ஹோட்டல் எங்கள் பழைய சின்னப் பாதையை மூடிவிட்டது. செய்தவர் முன்னால், செய்தது நடுவில், செய்யப்பட்டது பின்னால். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து புத்தளத்தில் ஒரு கடையில் டைப் அடித்தோம். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒப்பம் வைத்தன, எங்கள் வீட்டைத் தவிர.

இரண்டு கிழமை கழித்து முகாமையாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் அந்த மனு கிடந்தது. பக்கத்தில் சாப்பாட்டு அட்டை.

“இங்க சிவப்புப் பெரிய நண்டு. அங்க பழைய சின்னப் பாதை. ரெண்டும் ஒரே ஆள்தானே, நங்கி?”

சின்னதுக்குப் பிறகுதான் பழையது வர வேண்டுமாம். அப்பா கடலில் இறந்துபோன பிறகு வீடு நடந்தது என் சம்பளத்தில். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பெரியவர் மறுமொழி எழுதச் சொல்றார். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. நீங்களே எழுதுங்க. ஒண்டு மட்டும், நாங்க மூடினம் எண்டு வரக்கூடாது.”

எழுதினேன். ‘தி பாத் ஹேஸ் பீன் குளோஸ்ட்.’ பாதை மூடப்பட்டுள்ளது. விருந்தினரின் பாதுகாப்புக்காக. வசதியான மாற்றுப் பாதை உள்ளது. ஓர் இடத்திலும் வெள்ளை மை தேவைப்படவில்லை. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்கிறேன்: என் வாழ்நாளில் நான் எழுதிய பிழையே இல்லாத முதல் ஆங்கிலக் கடிதம் அதுதான். கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மிக்கேல் மாமா கோயில் வாசலில் கடித உறையை என்னிடம் நீட்டினார். வேறு யாரிடம் கொண்டுபோவார்? நான் தமிழில் சொன்னேன்.

“பாதை மூடப்பட்டுள்ளது.”

“அது தெரியும். ஆரு மூடினதாம்?”

“அதில ஆள் இல்ல, மாமா.”

“ஆளில்லாம எப்பிடிப் புள்ள மூடும்? கேற் தானா வந்து நிண்டதா?”

“இங்கிலீசில அப்பிடி எழுதலாம்.”

“இப்பிடி எழுத ஆரு அவனுக்குப் படிச்சுக் குடுத்தது?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. “நான்தான் எழுதினன், மாமா” என்றேன்.

மாமா கடிதத்தை வாங்கி, வந்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாமிதான் வாய் திறந்தாள்.

“அப்ப மனுவையும் நீ எழுதிற, மறுமொழியையும் நீயே எழுதிற. நடுவில நாங்க எதுக்கு?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை.

அன்றோடு வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருந்தேன், சம்பளமும் கூடியது. மாமா ஒவ்வொரு நாளும் எஞ்சினைச் சுமந்துகொண்டு விடுதியின் முன்வாசலால் சுற்றிப் போவார். அந்த நேரம் பார்த்து நான் பதிவுப் புத்தகத்தில் எதையாவது எழுதுவேன். வசதியான மாற்றுப் பாதை எவ்வளவு நீளம் என்பது அவர் தோளில் தெரிந்தது. அவர் என்னோடு மறுபடி கதைத்தது என் கலியாணத்தன்றுதான். அதுவும் “சாப்பிட்டியா?” என்ற ஒரு சொல். அதற்கே நான் அழுதேன்.

வெளிநாட்டவர் வராமல் போன வருடங்களில் கொழும்புக்காரர் விடுதியைக் கைவிட்டார். கூரை ஓடுகளையும் கேற்றின் இரும்பையும் ஆரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவர்களைப் போல மாமாவும் வலையை விற்றுவிட்டு மகளோடு சிலாபத்தில் இருக்கிறார். எமலி மாமி சேமக்காலையில், ஒரு சிலுவைக்கு அடியில்.

போன ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது கேற் இருந்த அந்தப் பழைய பாதையால் கடலுக்கு நடந்து பார்த்தேன். பாதி தூரம் முட்பற்றை; சேலை கிழிந்தது. தடுக்க ஒருவரும் இல்லை. கரைக்கு வந்து பார்த்தால், கூடையோடு காத்திருக்க ஒரு பெண்ணும் இல்லை, வள்ளங்கள் ஏற்றிவைத்திருந்த இடத்தில் ஒரு வள்ளமும் இல்லை.