வெள்ளையாக விட்ட சரிவு

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லை ஒட்டி, போன வாரம்வரை ஒரு சதுரம் சாய்ந்து நின்றது. வெள்ளைத் தண்ணீர் பைப்பை நான்காக அறுத்து, மூலைக்கு ஒரு எல்போ வைத்து ஒட்டியது. பக்கத்துக்கு ஒரு மீட்டர். வெயிலில் கிடந்து கிடந்து பழுப்பேறிவிட்டது. யாரும் நடாத ஒரு பாகற்கொடி அதைப் பற்றி ஏறி, மேல் விளிம்பில் தொங்கிக்கொண்டு காய்த்தது. பால்காரர் அதைப் பந்தல் என்பார். பக்கத்து வீட்டில் ஜன்னல் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது என்னவென்று சொல்ல ஆரம்பித்தால் என் குரல் உயர்ந்துவிடும் என்பதால் நானும் ஆமாம் ஆமாம் என்று விட்டுவிடுவேன். அந்தச் சதுரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வருஷத்தின் பெரும்பகுதி ஒரு மனிதருக்குப் பின்னால் நடந்தேன். அவர்மேல் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பாகற்காய் பறிக்கும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பி வரும்.

அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். என் வயதுக்காரர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதைக்கும் குடும்பத்தில் பிறந்து, தாவரவியல் படித்து, சொந்த நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு ஊரில் யாரும் உழாத நிலங்களைப் பார்க்கப் போனவர். உழாத, கட்டாத இடங்களில் தானாக வளரும் புல்வெளிகளையும் புதர்வெளிகளையும் வாழிடம் வாரியாகப் பிரித்து அரசாங்கத்துக்கு வரைபடம் போடுவது அவர் வேலை. எந்தச் செடி எந்தச் செடியோடு சேர்ந்து வாழ்கிறது, எந்த மண்ணில், எந்தச் சரிவில் என்று பார்த்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயர் வைக்க வேண்டும். அந்த வகைகளை இங்கே இருப்பவர்கள் படிக்கிற தமிழில் விவரித்து எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. உரைநடையில் கவிதை எழுதுகிறவள் என்று என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் எனக்கு வேண்டாதவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சதுரச் சட்டத்தை வைக்கும் விதத்திலேயே சண்டை தொடங்கியது. காலை வெயில் சாய்ந்து விழ, சுக்குநாறிப் புல் இடுப்பளவு எழுந்து மணக்க, தும்பிகள் பறக்கும் ஓர் இடத்தை நான் காட்டுவேன். அவர் அதற்கு முதுகைக் காட்டி நிற்பார், கண்ணை மூடுவார், சட்டத்தைத் தலைக்குமேல் பின்பக்கமாக எறிவார். அது எங்கே விழுகிறதோ அங்கே அதற்குள் அகப்பட்ட செடிகளைத்தான் எண்ண வேண்டும். எங்கே விழும்? சூரை முள்ளில் விழும். இல்லாவிட்டால் யாரோ பீர் பாட்டிலை உடைத்துப் போட்ட பாறை இடுக்கில். நான் முழங்காலில் தவழ்ந்து உள்ளே போய், புடவை கிழிய, ஊசிப்புல்லின் விதைகள் பாவாடையில் தைத்துக்கொள்ள, ஒவ்வொரு தண்டாகத் தொட்டுச் சொல்ல வேண்டும். ஒருநாள் தாங்காமல், நல்ல இடமாகப் பார்த்து வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "உங்க கண்ணுக்குப் புடிச்ச எடத்துல வெச்சா, அது உங்களப் பத்தின சர்வே மேடம்" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

அடுத்தது என் வாக்கியங்கள். குன்றுச் சரிவுப் புல்வெளிக்கு நான் எழுதிக் கொடுத்ததில் காற்று வாரிவிடும் மஞ்சள் கூந்தல் என்று ஒரு வரி இருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, காற்று எல்லா இடத்திலும்தான் அடிக்கிறது, மண் எவ்வளவு ஆழம் என்று இதில் இல்லையே என்றார். கையில் ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பார். அதை மண்ணில் குத்தி, பாறையில் முட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் தலையை நிமிர்த்திச் செடியைப் பார்ப்பார். "எங்க நிக்கறோம்னு மொதல்ல சொல்லுங்க. இன்னா தெரியுதுன்னு அப்பறம் சொல்லலாம்." ஒரு நாளில் எத்தனை தடவை இதைச் சொல்லுவார் என்று எண்ணவே எனக்குப் பயமாக இருந்தது. பாறையின் மேல் விரலளவு மண்ணில் நிற்கும் புல் வேறு, அதே புல் ஓடையோரக் கரிசலில் நின்றால் அது வேறு கூட்டம், வேறு பெயர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. எனக்குப் பச்சை போதும். அவருக்கு எதுவும் போதாது.

இதெல்லாம் என் சொந்த எரிச்சல். ஊருக்கும் சேர்த்து எரிச்சல் வந்தது செங்கம் சாலைக்கு அப்பால் இருக்கும் அந்தச் சரிவினால். அது கிரிவலம் சுற்றும் பெரிய மலையைச் சேர்ந்ததல்ல; அதற்கு எதிரே தலை தூக்கிய ஒரு சின்னக் குன்றின் மேற்குப் பக்கம். என் கொழுந்தனாருக்கு வேங்கிக்காலில் ஹார்டுவேர் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் நடும் ஒரு குழுவை நடத்துகிறார். மனசு நிறைய நல்லெண்ணம் உள்ள மனிதர். நல்லெண்ணத்தை அடக்கி வைக்கத் தெரியாதவர். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டத்தில் ஆளுக்கொரு கன்று கொடுத்தால் ஒரே சாயங்காலத்தில் குன்று முழுக்க மரமாகிவிடும் என்பது அவர் கணக்கு. ஆவணிப் பௌர்ணமி என்று சொல்லியும் விட்டார். காப்பிக் கடைகளில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள்வரை பேர் கொடுத்தாயிற்று. ஒரே தடை எங்கள் சர்வே. இயற்கையான புல்வெளி என்றோ இயற்கையான புதர்வெளி என்றோ வகை விழுந்துவிட்டால் அங்கே மண்வெட்டி வைக்கக் கூடாது. சிதைந்துபோன காடு என்று விழுந்தால் தாராளமாக நடலாம். "புல்லுக்கு எதுக்கு அண்ணி சர்வே? ஆட்ட உட்டா அதுவே பாத்து முடிச்சிடும்" என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு கேட்பார். என் கணவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சரிவு எனக்கு வேண்டும். சும்மா வேண்டும். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம் கண்ணில் குத்துகிறது. அங்கே மட்டும்தான் பார்வை ஓடிப்போய் ஓய்ந்து நிற்கும். பங்குனியில் யாரோ வைத்த தீயில் அது கருகிப்போனது. சித்திரையில் ஒரே ஒரு மழை, அதுவும் பாதி மழை. ஒரு வாரத்தில் கரிக்குள்ளிருந்து புல் வந்தது பாருங்கள், குழந்தையின் தலையில் மொட்டையடித்த பிறகு வரும் முடியைப் போல, தொட்டால் கை கூசும் பச்சை. நான் சாரிடம் சொன்னேன்: சந்தேகம் என்ன, புல்வெளி, எழுதுங்கள். அவர் கம்பியைக் குத்தினார். முழங்கை ஆழம்கூட இல்லை, பாறை. கரியைக் கிளறி ஒரு கருகிய வேர்க்கட்டையைப் பிடித்துப் பார்த்தார். "தீக்கு அப்பறம் புல்லுதான் மொதல்ல வரும். மொதல்ல வந்தவனையே ஊட்டுக்காரன்னு எழுதிட முடியுமா?" என்றார். மழை வரட்டும் என்றார்.

வைகாசி முடிவில் வரைபடம் கொடுத்தாக வேண்டும். நான் கெஞ்சினேன். ஒரே ஒரு சொல், அதை எழுதினால் அந்த இடம் தப்பிக்கும் என்றேன். கடைசியில் கத்தியே விட்டேன், நடுச் சரிவில் நின்றுகொண்டு, ஆடு மேய்க்க வந்த அம்மாள் தன் ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போகும் அளவுக்கு. அவர் என்ன செய்தார் தெரியுமா? வரைபடத்தில் புல்வெளிக்கு மஞ்சள், புதர்வெளிக்குப் பழுப்பு, சிதைந்த காட்டுக்குச் சாம்பல் என்று நிறம் போட்டுக்கொண்டே வந்தவர், அந்தச் சரிவுக்கு எந்த நிறமும் போடாமல் விட்டார். இன்னும் தெரியவில்லை என்பதற்கு அவரிடம் இருந்த நிறம் வெள்ளை. வெள்ளையைப் பார்த்தால் உலகம் என்ன நினைக்கும் என்று யோசிக்கிற உறுப்பே அந்த மனிதருக்கு வைக்கப்படவில்லை. வெள்ளை என்றால் காலி. காலி என்றால் வா.

ஆடியில் குழிகள் வந்துவிட்டன. கயிறு பிடித்து வெட்டியதைப் போல நேர் நேராக, கீழிருந்து மேல்வரை. ஆவணிப் பௌர்ணமியன்று வெயில் தாழும்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது. நெற்றியில் விபூதியோடு, கையில் கன்றோடு, செருப்பில்லாத கால்களால் புதுப் புல்லை மிதித்துக்கொண்டு ஏறினார்கள். கைக்குழந்தையின் விரலைப் பிடித்து மண் தள்ளவைத்த அப்பாக்களைப் பார்த்தேன். அவர்கள்மேல் கோபப்பட முடியவில்லை. அது இன்னும் பெரிய கோபமாக சார் பக்கம் திரும்பியது. கொழுந்தனார் ஒரு கன்றை என்னிடமும் நீட்டினார். கை வலிக்கிறது என்று சொன்னேன்.

மழை வந்தது, அவர் கேட்ட மழை. சாரும் நானும் போனோம். குழிகளுக்கு நடுவே விட்டுப்போன இடங்களில், புல்லுக்குள்ளிருந்து காரைப் புதர் கருகிய பழைய வேர்க்கட்டையிலேயே சிவப்புக் கொழுந்தாக எழுந்திருந்தது. சிற்றீச்சை விசிறி விரித்திருந்தது. விராலிக் குருத்துகள் எங்கும் பிசுபிசுவென்று முளைத்திருந்தன. அவர் திரும்பி நின்று கண்ணை மூடிச் சட்டத்தை எறிந்தார். எண்ணினோம். மறுபடி எறிந்தார். சாயங்காலம், மெல்லிய மண்ணில் வாழும் இயற்கைப் புதர்வெளி, மரம் ஒரு காலத்திலும் இருந்திருக்காது என்று சொன்னார். ஆக, புல்வெளி என்று நான் கத்தியது தப்பு. அந்தத் தப்பு எழுதப்பட்டிருந்தால் சரிவு பிழைத்திருக்கும். இதை அவரிடமே கேட்டேன். "பொழைச்சிருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். "அடுத்த வருசம் எவனாவது வந்து காரையப் பாத்துட்டு, இந்தாளு போட்ட மேப்பு மொத்தமும் பொய்னு தூக்கிப் போட்டிருப்பான். மஞ்சள் அடிச்ச எல்லா எடமும் அதோட போயிருக்கும் மேடம்." பதில் சரியாகத்தான் இருக்கிறது. அதனாலேயே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அன்று கொழுந்தனாரும் மேலே ஏறி வந்தார். திட்டு வாங்கத் தயாராக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. நானும் ஆவலோடு காத்திருந்தேன். சார் கன்று வைக்காமல் விட்டுப்போன ஒரு குழிக்குள் இறங்கி, பக்கச் சுவரைத் தடவி, அடியில் பாறையைத் தட்டிப் பார்த்து, வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "குழி நல்லா வெட்டியிருக்கீங்க. அடுத்தது வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அந்த இடத்தில் அவரைப் பிடித்து அதே குழியில் தள்ளிவிடலாம் போல இருந்தது எனக்கு.

பிறகு நடந்தது எல்லோரும் பார்த்ததுதான். கோடையில் கொழுந்தனார் டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். கடையைச் சாத்திவிட்டு ஊற்றினார். வேர் பாறையில் முட்டிச் சுருண்டு, கன்றுகள் ஒவ்வொன்றாகக் குச்சியாகின. ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் கம்மியாகப் போயிற்றோ அண்ணி என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார். சார் அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். போகும்போது, ஜீப்பில் இடமில்லை, இது உங்களிடம் இருக்கட்டும் என்று சட்டத்தை வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். விடைபெறும்போது வேறு எதுவும் சொல்லத் தெரியாத மனிதர்.

போன வாரம் கொழுந்தனார் வந்தார். குன்றின் வடக்குப் பக்கத்தில் இன்னொரு சரிவு இருக்கிறதாம், குழுவில் எல்லோரும் நடலாம் என்கிறார்களாம். காப்பியைக் குடிக்காமல் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "அது இன்னா எடம்னு நீங்க வந்து சொல்லிடுங்க அண்ணி. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு என்ன தெரியும், நான் வாக்கியம் எழுதினவள், அதிலும் பாதியை அந்த ஆள் அடித்துவிட்டார் என்று சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. பின்பக்கம் போய்ச் சட்டத்திலிருந்து பாகற்கொடியை அவிழ்க்க ஆரம்பித்தேன். சுருள் சுருளாகப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. காய்ப்பில் இருந்த கொடி. அதற்கும் சேர்த்து சாரைத் திட்டினேன்.

வடக்குச் சரிவில் காலை வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. தும்பிகள்கூட இருந்தன. புல் அடர்ந்து ஆடும் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே வையுங்கள் அண்ணி, இது அழகாக இருக்கிறது என்றார் கொழுந்தனார். அழகாகத்தான் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, சட்டத்தைத் தலைக்குமேல் எறிந்தேன். பின்னால் முள் முறியும் சத்தம் கேட்டது. சூரையேதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தேன்.