மந்திரி ஆபீசுக்குப் போன சிராப் போத்தல்

எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தண்ணீர் தேத்தண்ணீர் நிறம். கோலசிலாங்கூர்ப் பக்கம் மண் அப்படி. ஆற்றிலிருந்து இறைத்துத் தொட்டியில் விடுவார்கள், நாங்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயில் அதுதான் வரும். வெள்ளைச் சட்டை இரண்டு துவைப்பில் பழுத்துவிடும். பிள்ளைகளுக்குச் சிரங்கு ஆறாது.

எண்பதுகளில் ஒரு வருடம், தோட்டத்து மக்களுக்கு நல்ல தண்ணீர் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லி, கோலாலம்பூரில் மந்திரி ஆபீஸ் அதிகாரிகளைப் பார்க்க உரிமைக் குழு ஒன்று கிளம்பியது. தோட்டத்துக்கு ஒரு பெண் வேண்டும் என்றார்கள். சபாக் பக்கத்தில் ஒருத்தி, பத்தாங் காலியில் ஒருத்தி என்று ஆள் எடுத்துக்கொண்டே எங்களிடம் வந்தார்கள்.

எங்கள் தோட்டம் என்றால் நான்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் பேச வேண்டுமா, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக் கூரை ஒழுகுகிறதா, பெண்கள் என் வாசலுக்குத்தான் வருவார்கள். கோயில் மண்டபத்துக் கூட்டத்துக்குப் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

கெர்லிங்கிலிருந்து எங்கள் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி பின்னால் நின்றாள். வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. குழுவின் வக்கீல் மலாயில் ஏதோ கேட்டார். அவள் படபடவென்று பதில் சொன்னாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். என் மலாய் மீன்காரனோடு போதும்.

வக்கீல் என்னிடம் வந்தார். "அம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அங்க எல்லாம் மலாய்லதான் பேசணும்."

"எனக்கென்ன கோவம்? போகட்டும், நல்லாப் பேசட்டும்" என்றேன். வீட்டுக்கு வந்து பச்சைச் சேலையை அவிழ்த்து மூலையில் எறிந்தேன்.

போகிற நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். கையில் சர்பத் தீர்ந்த காலிச் சிராப் போத்தல்.

"அக்கா, குழாய்த் தண்ணிய அங்க காட்டணுமாம். விடியக்காலைல வர்ற மொதத் தண்ணிதான் ரொம்ப மோசம். நீங்கதானே மொத ஆளா குழாயடிக்குப் போவீங்க, ஒரு போத்தல் புடிச்சுத் தாங்க லா."

ஆக, அவள் பேசப் போகிறாள், நான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

விடியலில் பிடித்தேன். நல்ல கறுப்பு. வீட்டுக்கு வந்து போத்தலை மூடும்போது வெளியே பெண்களின் சிரிப்புக் கேட்டது. "வழி விடுங்கடி, மந்திரியம்மா வர்றாங்க!" என்று ஒருத்தி கத்தினாள். கெர்லிங்காரி அதற்கு வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

எல்லா வீட்டிலும் தண்ணீரில் சீனாக்காரக் கட்டியை உரசித் தெளிய வைப்போம். என் வீட்டில் அதன்பிறகு நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டுவேன். லயத்திலேயே என் பானைத் தண்ணீர்தான் கண்ணாடி. போத்தலில் இருந்ததை வாழையடியில் கொட்டினேன். என் பானைத் தண்ணீரை ஊற்றினேன். நாளிதழில் சுற்றி, கயிறு கட்டிக் கொடுத்தேன்.

"அங்க போய்ப் பிரி. வழியில ஒடைஞ்சிடும்."

"சரிக்கா."

அன்று பால் வெட்டும்போது, அதிகாரி முன்னால் போத்தலைப் பிரித்து அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கத்தி ஆழமாய் இறங்கி மூன்று மரத்தில் காயம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏசினார். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொழுது சாய வேன் திரும்பியது. மண்டபத்தில் வக்கீலே எழுந்து சொன்னார். "போத்தல எடுத்து மேசையில வச்சாங்க. அதிகாரி பாத்துட்டு, தண்ணி நல்லாத்தானே இருக்குன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க பாருங்க: துவான், இது குழாய்த் தண்ணி இல்ல. எங்க பொம்பளைங்க வேல முடிஞ்சு வந்து, சீனாக்காரம் போட்டு, வடிகட்டி எடுத்த தண்ணி. உங்க வீட்டுல தினம் இப்படிச் செஞ்சுதான் குடிக்கிறீங்களான்னு. அப்புறந்தான் அவர் பேனாவ எடுத்தார். தெளிஞ்ச தண்ணியாக் கொண்டு போன மூளையப் பாருங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவள் மட்டும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலிப் போத்தலோடு என் வீட்டுக்கு வந்தாள். "கை தவறிடுச்சாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. "கை தவறல" என்றேன்.

போத்தலை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "பானைத் தண்ணி ருசியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வருடங்கள் கழித்து நல்ல குழாய் வந்தது. இன்றும் எங்கள் பழைய ஆட்கள் கல்யாண வீட்டில் கூடினால் அந்தப் போத்தல் கதை வரும். அவள் மூளையை மெச்சுவார்கள். அது என் பானைத் தண்ணீர் என்று வாய் வரைக்கும் வரும். சொன்னால், ஏன் ஊற்றினாய் என்று கேட்பார்களே. இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.